ஒரே அச்சு, பல வில்லைகள்
(மென்பொருள் சோதனைக் கருவிகளைக் கடன் வாங்குவது பற்றி ஒரு பாடம்)

ஹைதராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அமீர்பேட்டைப் பக்கம் போய்வராத குடும்பம் அநேகமாக இருக்காது. மகனையோ மருமகளையோ ஏதேனும் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ப்பதற்காக மைத்ரிவனம் கட்டடத்தைச் சுற்றி நாம் எல்லோரும் ஒருமுறையாவது அலைந்திருப்போம். அங்கே மாடிக்கு மாடி தொங்கும் பலகைகளில் 'டெஸ்டிங் டூல்ஸ்' என்ற சொல் கண்ணில் படாமல் போகாது. "அது என்ன சார் டெஸ்டிங்? எழுதுகிறவனே ஒழுங்காக எழுதிவிட்டால் தனியாக ஒருவன் எதற்குச் சோதிக்க வேண்டும்?" என்று நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. மென்பொருள் துறையில் முப்பது ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்ற முறையில் அவருக்கு அன்றே ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். ஆனால் சரியான பதிலை எனக்கே கற்றுக் கொடுத்தது சென்ற ஆண்டு நடந்த ஒரு சம்பவம். அதைச் சொல்லி, அதன் வழியாகவே பாடத்தையும் சொல்கிறேன். கணினி தெரிந்த இளைஞர்களுக்கும், தெரியாத பெரியவர்களுக்கும் ஒருசேரப் புரியும்படி எழுத முயல்கிறேன். இதில் வரும் பிள்ளைகளின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் தவறு செய்த எழுத்துகள் உண்மையானவை.

1. நடந்தது என்ன?

செகந்திராபாத் பக்கத்தில் இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளைக்கு ஓய்வு நேரத்தில் நான் கணினி வேலை செய்து கொடுப்பதுண்டு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிச் செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் தருகிறார்கள். சென்ற முறை உதவி பெற்றவர் மறுபடி விண்ணப்பித்தால் அவருக்கே முன்னுரிமை. பணம் மிஞ்சினால்தான் புதியவர்களுக்கு.

பழைய பட்டியல் யாரோ ஒருவர் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்திருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் எத்தனை எழுத்துருக்களோ அத்தனை குறியேற்றங்கள் இருந்தன என்பது அக்காலத்தில் தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும். நான் ஒரு சிறு நிரல் எழுதி அப்பட்டியலை யூனிகோடுக்கு மாற்றினேன். இந்த ஆண்டு விண்ணப்பங்கள் கைபேசியிலேயே யூனிகோடில் வந்தன. இரண்டையும் பெயர்வாரியாகப் பொருத்திப் பார்த்து, பொருந்தியவர்களை 'தொடர்வோர்' என்றும், பொருந்தாதவர்களை 'புதியவர்' என்றும் பிரிக்க இன்னொரு நிரல். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஆண்டு நிதி குறைவு. புதியவர்களை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வது என்று முடிவானது. பட்டியல் ஒட்டப்பட்ட சில நாட்களில் ஓர் அம்மா தொலைபேசியில் பேசினார்.

"ஐயா, என் பொண்ணு கோமதி பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம். போன வருஷம் குடுத்தீங்க. இந்த வருஷம் பேரு இல்லைன்னுட்டாங்க. மார்க்கு கொறஞ்சுபோச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு அவ ரெண்டு நாளா சரியா சாப்பிடலைங்க. அடுத்த வாரம் பீஸ் கட்டணும்."

மார்க்கு குறையவில்லை. கோமதி 81 விழுக்காடு வாங்கியிருந்தாள். குறைந்தது என் கவனம்தான்.

2. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண். 'க' என்பது 2965. 'ஓ'காரக் குறியாகிய 'ோ' என்பது 3019. ஆகவே கைபேசியில் 'கோ' என்று அடித்தால் 2965, 3019 என்று இரண்டு எண்கள் பதிவாகின்றன.

பழைய எழுத்துருவிலோ நாம் கையால் எழுதும் வரிசையிலேயே அடிப்போம்: முதலில் இரட்டைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். என் நிரல் கொம்பை எடுத்து க-வுக்குப் பின்னால் வைத்தது. அத்துடன் வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டது. எனவே பழைய பட்டியலில் 'கோ' என்பது 2965, 3015, 3006 என்று மூன்று எண்களாகக் கிடந்தது. 3015 கொம்பு, 3006 கால்.

திரையில் இரண்டும் ஒன்றே போலத்தான் தெரியும். அச்சிட்டாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கணினி எண்களைத்தானே ஒப்பிடுகிறது? இரண்டு எண்களும் மூன்று எண்களும் அதற்கு வேறு வேறு ஆட்கள். கோமதி மட்டுமல்ல, மனோகர், யசோதா, அசோக் என்று ஓகாரம் கலந்த பெயர்கள் எல்லாம் 'புதியவர்' ஆகிவிட்டன.

யூனிகோடு அமைப்பினர் இதை அறியாதவர்கள் அல்லர். 3019 என்பதும் 3015, 3006 என்ற இணையும் சமமானவை என்று தரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒகரக் குறி 3018 என்பது 3014, 3006 ஆகிய இரண்டுக்குச் சமம். ஔகாரக் குறி 3020 என்பது 3014, 3031 ஆகிய இரண்டுக்குச் சமம். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு இயல்பாக்கம் என்று பெயர். ஏறத்தாழ எல்லாக் கணினி மொழிகளிலும் இதற்கு ஆயத்தமான கட்டளை உண்டு. நான்தான் அதைக் கூப்பிட மறந்தேன்.

3. அச்சும் வில்லையும்

இனிமேல் இப்படி நேரக்கூடாது என்றால் நிரலைத் திருத்தினால் மட்டும் போதாது. நாளைக்கு வேறு எதையோ திருத்தும்போது இந்தப் பிழை மீண்டும் தலைகாட்டலாம். ஆகவே, 'கோமதி இரண்டு வடிவத்திலும் பொருந்துகிறாளா?' என்ற கேள்வியை எழுதி வைத்து, நிரலைத் தொடும்போதெல்லாம் கணினியே அக்கேள்வியைக் கேட்டுப் பார்க்கும்படி செய்ய வேண்டும். தானியங்கிச் சோதனை என்பது இவ்வளவுதான். எழுதுகிறவன் ஒழுங்காக எழுதினாலும், அடுத்த மாதம் திருத்துகிறவனும் அவனேதான். அவனுக்கு மறதி உண்டு.

கேள்விகள் நூறு, இருநூறு என்று பெருகும்போது அவற்றை நடத்துவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முன் களத்தைத் துடைத்துத் தயார் செய்வது, கேள்விகளை வரிசையாக ஓட்டுவது, எதிர்பார்த்த விடையையும் வந்த விடையையும் ஒப்பிடுவது, முடிவை அறிக்கையாகத் தருவது ஆகிய நான்கு வேலைகளைச் செய்யும் அந்த ஏற்பாட்டையே சோதனைச் சட்டகம் என்கிறோம்.

நம் வீட்டு முறுக்கு அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குழல் ஒன்றுதான். அடியில் போடும் வில்லையை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன் பகோடா. தீபாவளிக்கு முன்தினம் பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா அதே அச்சை இரவல் வாங்கிப் போய் ஜந்திகலு பிழிகிறார். மாவு வேறு, பெயர் வேறு, அச்சு ஒன்றே. சட்டகம் அச்சு, கேள்விகள் வில்லை, சோதிக்கப்படும் மென்பொருள் மாவு. வீட்டுக்கு வீடு அச்சு வாங்க வேண்டியதில்லை என்பதே இன்றைய பாடத்தின் முதல் பாதி.

மென்பொருள் உலகில் இந்த இரவல் பழக்கத்துக்கு நல்ல வரலாறு உண்டு. கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்காக எழுதிய சிறிய சட்டகத்தின் கருத்தை, 1997-இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்கு விமானத்தில் போகும்போது ஜாவா மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அதுவே ஜேயூனிட். அதைப் பார்த்துப் பிற மொழிக்காரர்களும் தங்கள் தங்கள் மொழியில் அதே அச்சை வார்த்துக்கொண்டார்கள். அமீர்பேட்டைப் பலகைகளில் நாம் காணும் செலினியம் 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தம் அலுவலக வேலை ஒன்றுக்காக எழுதியது. திறமூலமாக வெளிவந்ததால் ஊர் ஊராகப் பரவியது. அதன் வழிவந்த 'வெப்டிரைவர்' 2018-இல் உலகளாவிய வலைத்தரமாகவே ஏற்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் ஓர் அறையில் பிறந்த கருவி, இன்று இங்கே பல இளைஞர்களுக்குச் சோறு போடுகிறது.

4. 'ஓகே', 'நாட் ஓகே'

நான் தேர்ந்தெடுத்தது இவற்றைவிட எளிய ஒன்று. லாரி வால் 1987-இல் பெர்ல் மொழியின் முதல் பதிப்பை வெளியிட்டபோது, அதனுடன் சில சோதனைகளையும் சேர்த்து அனுப்பினார். அச்சோதனைகள் முடிவைச் சொல்லும் முறை மிக எளியது. முதல் வரியில் மொத்தம் எத்தனை கேள்விகள் என்பது: '1..6'. பிறகு கேள்விக்கு ஒரு வரி: 'ஓகே 1', 'ஓகே 2', 'நாட் ஓகே 3' என்று. அவ்வளவுதான். பிற்காலத்தில் இதற்கு 'டேப்' என்று பெயர் வைத்தார்கள்.

இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. முதலாவது, இது எந்தக் கணினி மொழியையும் சாராதது. ஒரு வரியை அச்சிடத் தெரிந்த எந்த நிரலும் இம்மொழியைப் பேசலாம். ஆகவேதான் பெர்லுக்கு வெளியிலும் இது பரவியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2014-இல் வெளியான 9.4 பதிப்பிலிருந்து இவ்வகைச் சோதனைகளைப் பயன்படுத்துகிறது. லினக்ஸ் கருவின் சோதனைகள் சிலவும் இதையொட்டிய வடிவத்திலேயே விடை சொல்கின்றன. நூலக மென்பொருளான கோஹாவும் பெர்லில் எழுதப்பட்டதால் இம்முறையையே கைக்கொள்கிறது. கோஹா நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று இந்தியாவிலும் பல நூலகங்களில் ஓடுகிறது.

இரண்டாவது நுட்பம் அந்த முதல் வரி. ஆறு கேள்விகள் என்று சொல்லிவிட்டு நான்கு விடைகளோடு நிரல் நின்றுபோனால், ஒரு 'நாட் ஓகே' கூட வராவிட்டாலும் அது தோல்வியே. 'தவறு' என்று சொல்வது மட்டும் தவறல்ல. பேசாமல் இருப்பதும் தவறு என்று 1987-லேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். இந்த முதல் வரியை நினைவில் வைத்திருங்கள். பின்னால் தேவைப்படும்.

கிட் என்ற மென்பொருளின் கதையையும் சொல்ல வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கியது அது. அதன் சோதனைகளுக்கான சட்டகத்தை ஜூனியோ ஹமானோ அதே ஆண்டில் எழுதினார். அதன் வசதியைக் கண்ட பிற திட்டத்தினர் அதை எடுத்தாளத் தொடங்கினர். 'நாட்மச்' என்ற அஞ்சல் மென்பொருளினர் அதை அடியொற்றித் தங்கள் திட்டத்துக்குள்ளேயே ஒரு படி செய்து வைத்துக்கொண்டார்கள். மத்தியாஸ் லாஃபெல்ட் என்பவரோ கிட்டுக்கு மட்டும் உரிய பகுதிகளை நீக்கி, எவரும் எடுத்தாளும்படி 'ஷார்னஸ்' என்ற தனி நூலகமாக்கினார். பின்னர் ஐபிஎப்எஸ் போன்ற திட்டங்கள் அதைப் பயன்படுத்தின. இரவல் வாங்க இரண்டு வழிகள் உண்டு என்பது இதனால் விளங்கும். படியெடுத்து வைத்துக்கொள்வது ஒன்று. பொதுவில் ஓர் அச்சை வைத்து அனைவரும் எடுத்தாள்வது மற்றொன்று. படியெடுப்பது எளிது; ஆனால் மூலத்தில் நாளை ஒரு பிழை திருத்தப்பட்டால் நம் படிக்கு அது தானாக வந்து சேராது.

5. முத்திரைப் படியை அளந்த கதை

அச்சு கிடைத்துவிட்டது. வில்லைகளையும் இரவல் வாங்க முடியுமா என்று பார்த்தேன். முடியும்! யூனிகோடு அமைப்பே இயல்பாக்கத்துக்கு ஒரு சோதனைக் கோப்பை வெளியிடுகிறது. வரிக்கு ஐந்து பத்திகள். முதல் பத்தியில் மூல வடிவம். மற்ற நான்கில் நான்கு வகை இயல்பாக்கத்தின் விடைகள். கேள்வியும் விடையும் ஒரே தாளில் இருக்கின்றன. பைத்தான் மொழியினர், கோ மொழியினர், ஐசியூ என்னும் பன்மொழி நூலகத்தினர் ஆகிய எல்லோரும் இதே கோப்பைக் கொண்டுதான் தங்கள் வேலையைச் சரிபார்க்கிறார்கள். நம்முடைய ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் அதில் வரிகள் உண்டு.

அக்கோப்பை என் சட்டகத்தில் மாட்டி ஓட்டினேன். 'ஓகே', 'ஓகே', 'ஓகே' என்று ஆயிரக்கணக்கான வரிகள். ஒரு 'நாட் ஓகே' கூட இல்லை. கோமதியும் மனோகரும் யசோதாவும் தொடர்வோர் பட்டியலுக்குத் திரும்பினார்கள். "இனி ஒரு பிழையும் இல்லை; உலகத் தரத்துக்குச் சோதித்தாகிவிட்டது" என்று அறக்கட்டளையாரிடம் சொன்னேன்.

பொருளாளராக இருக்கும் அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். கணினியைத் தொட மாட்டார். கோடு போட்ட நோட்டும் பென்சிலும்தான். என் புதிய பட்டியலை வாங்கி, விரல் வைத்து எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, போன வருஷம் முப்பத்தெட்டு பேர். நாலு பேர் படிப்பு முடிச்சுட்டாங்க. மீதி முப்பத்துநாலு பேரும் அப்ளிகேஷன் குடுத்திருக்காங்க, நானே கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சேன். நீங்க குடுத்ததுல முப்பத்துமூணுதான் இருக்கு. மீதி ஒருத்தி எங்கே?"

ஒருத்தி என்று எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் நோட்டைப் பார்த்துப் பெயரையும் சொல்லிவிட்டார்: கௌசல்யா.

அன்றிரவு எண்களைப் பிரித்துப் பார்த்தேன். விண்ணப்பத்தில் 'கௌ' சரியாக 2965, 3020 என்று இருந்தது. பழைய பட்டியலில் 2965, 3014, 2995. அந்த 2995 என்பது என்ன தெரியுமா? 'ள'! ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்று போலவே இருப்பதால், பழைய காலத்தில் தட்டச்சு செய்தவர் ள-வை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றும் பலர் அப்படியே அடிக்கிறார்கள். ஆக, பட்டியலில் இருந்தது கௌசல்யா அல்ல, 'கெளசல்யா'. இயல்பாக்கம் இதைச் சரிசெய்யாது, சரிசெய்யவும் கூடாது. யூனிகோடு தரத்தின்படி அவை வேறு வேறு எழுத்துகள்.

அப்படியானால் அந்த ஆயிரக்கணக்கான 'ஓகே'க்கள்? அவை பொய் அல்ல. பைத்தானின் இயல்பாக்கக் கட்டளை சரியாக வேலை செய்கிறது என்பதையே அவை சொல்லின. அதைப் பைத்தான்காரர்கள் முன்பே அதே கோப்பை வைத்துச் சோதித்துவிட்டார்களே! கடையில் முத்திரை குத்திய படியை நான் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, அரிசியை அளந்ததாக எண்ணிக்கொண்டேன். என் நிரலின் வேலை பெயர்களைப் பொருத்துவது. அதைப் பற்றி ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

பாடத்தின் இரண்டாம் பாதி இதுதான்: அச்சை இரவல் வாங்கலாம், சில வில்லைகளையும் இரவல் வாங்கலாம், ஆனால் நம் வீட்டு மாவைப் பிழிந்து பார்க்காமல் பதம் தெரியாது.

6. நம் வில்லைகள்

பிறகு அமர்ந்து எங்களுக்கு வேண்டிய கேள்விகளை எழுதினோம். எழுதியது நான், சொன்னது பெரும்பாலும் அந்த அம்மையார். எந்தெந்தப் பெயர்களில் எப்படியெல்லாம் தவறு வரும் என்பது அவருடைய நோட்டில் இருபது ஆண்டுகளாகப் பதிவாகியிருந்தது.

கௌரி, சௌந்தர், பௌர்ணமி ஆகிய பெயர்கள் ளகரம் இட்டு எழுதப்பட்டாலும் பொருந்த வேண்டும். ஆனால் 'வெள்ளைச்சாமி' என்ற பெயரிலும் கொம்பை அடுத்து ளகரம் வருகிறதே, அதைத் தொடக்கூடாது. 'தெளிவு', 'கெளுத்தி' போன்ற சொற்களையும் தொடக்கூடாது. இவற்றிலெல்லாம் ளகரத்துக்குப் பின் புள்ளியோ வேறு குறியோ நிற்கிறது. எனவே, பின்னால் குறி எதுவும் இல்லாத ளகரத்தை மட்டுமே ஐயத்துக்குரியதாகக் கொள்வது என்று விதி வகுத்தோம். 'பொருந்த வேண்டும்' என்ற கேள்விகளுக்கு இணையாக 'பொருந்தக் கூடாது' என்ற கேள்விகளையும் எழுதுவது மிக முக்கியம். இல்லாவிட்டால் எல்லோரையும் எல்லோருடனும் பொருத்திவிடும் நிரல்கூடத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடும்.

முன்னெழுத்து பெயருக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒன்றே. 'ஹைதராபாத்', 'ஐதராபாத்' இரண்டும் ஒரே ஊர். ஐயத்துக்குரிய பொருத்தங்களை நிரல் தானாக ஏற்காமல் தனித்தாளில் அச்சிட்டுக் கொடுக்கும். மனிதர் பார்த்து முடிவு செய்வார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் வரி. '1..6' என்று கேள்விகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கத்தைச் சோதனையில் வைத்திருந்த நான், பட்டியலில் வைக்கவில்லை. இப்போது பட்டியலின் தலையிலேயே எழுதுகிறோம்: 'சென்ற ஆண்டு 38, முடித்தவர் 4, வரவேண்டியவர் 34'. கணக்கு இடித்தால் பட்டியல் அச்சாகாது. அம்மையார் பென்சிலால் செய்ததைத்தான் நிரலும் செய்கிறது.

7. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தது

தெலுங்கு நண்பர் ஒருவர் ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலைக் கோஹாவில் ஏற்றிக்கொண்டிருந்தார். நூலாசிரியர் பெயர்கள் இரண்டிரண்டு முறை பதிவாகின்றன என்று சலித்துக்கொண்டார். காரணத்தை ஊகிக்க எனக்கு நேரமாகவில்லை. தெலுங்கில் ஐகாரக் குறி 3144 என்பது 3142, 3158 ஆகிய இரண்டுக்குச் சமம். தமிழில் நமக்கு ஓகாரத்தில் வந்த தொல்லை அவர்களுக்கு ஐகாரத்தில். வேடிக்கை என்னவென்றால், ஹைதராபாத் என்று தெலுங்கில் எழுதினால் முதல் எழுத்திலேயே அந்தக் குறிதான் நிற்கிறது!

"என் சோதனைக் கருவியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையாகக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி வந்தார். "அண்ணா, இது உங்கள் வீட்டில் மட்டும்தான் ஓடும் போலிருக்கிறது" என்றார். பார்த்தால், என் கணினியின் கோப்புறை முகவரி சட்டகத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. எழுத்தா இல்லையா என்று பார்க்கும் இடத்தில் 2944 முதல் 3071 வரை என்ற தமிழ் எல்லை பதிந்திருந்தது. 'கோமதி' என்ற பெயர்கூட ஒரு மூலையில் சட்டகத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அச்சோடு வில்லையைப் பற்ற வைத்துவிட்டு, அதை மற்றவருக்கு இரவல் கொடுத்திருக்கிறேன்.

மூன்றையும் பிரித்தெடுத்து, முகவரியும் எழுத்து எல்லையும் கேள்விகளும் வெளியிலிருந்து வரும்படி மாற்றிக் கொடுத்தோம். பிறகு ஓடியது. என் நிரல் பைத்தான், கோஹா பெர்ல். ஆனாலும் இரண்டும் 'ஓகே' மொழியிலேயே விடை சொல்வதால் கோஹாவின் சோதனைகளை எண்ணும் அதே 'ப்ரூவ்' என்ற கருவி எங்கள் விடைகளையும் எண்ணிவிட்டது. சில வாரம் கழித்து அவர் ஒரு திருத்தத்தைத் திருப்பி அனுப்பினார்: கேள்விக் கோப்பு காலியாக இருந்தால் என் சட்டகம் 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். கேள்வியே இல்லாத தேர்வில் எல்லோரும் தேர்ச்சி! ஓராண்டாக என் கண்ணில் படாதது, இரவல் கொடுத்ததால் கண்ணில் பட்டது.

8. கடன் வாங்குவோர் கவனிக்க

நம் வீட்டு இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் கண்டவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

(அ) சட்டகம், கேள்விகள், இடத்துக்கு இடம் மாறும் விவரங்கள் ஆகிய மூன்றையும் மூன்று தனிக் கோப்புகளில் வையுங்கள். ஒன்றைத் தொடாமல் மற்றதை மாற்ற முடிந்தால்தான் அது மறுபயன்பாடு.

(ஆ) விடை சொல்லும் வடிவம் ஊரறிந்த வடிவமாக இருக்கட்டும். சொந்தமாக ஒன்றைக் கண்டுபிடிக்காதீர்கள்.

(இ) இரவல் வாங்கிய சோதனை எதைச் சோதிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தில் உங்கள் மென்பொருளின் பெயர் வராவிட்டால் இன்னும் வேலை இருக்கிறது.

(ஈ) உரிமத்தைப் படியுங்கள். திறமூலம் என்றால் கேட்பாரற்றது என்று பொருளல்ல. எடுத்துக்காட்டாக, கிட் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. அதிலிருந்து எடுத்த கோப்பை உங்கள் திட்டத்தோடு வெளியிடும்போது அதன் நிபந்தனைகளும் கூடவே வரும். எழுதியவர் பெயரை நீக்காதீர்கள்.

(உ) படியெடுத்தால், எந்தப் பதிப்பிலிருந்து எந்த நாளில் எடுத்தீர்கள் என்று முதல் வரியில் குறியுங்கள். நீங்கள் கண்ட பிழையை மூலத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். வாங்கிய அச்சைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது நம் வழக்கம்தானே.

(ஊ) சோதிக்கிற கருவியையும் ஒருமுறை சோதியுங்கள். வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, 'நாட் ஓகே' வருகிறதா என்று பாருங்கள்.

மூத்த உறுப்பினருக்கு இப்போது என் பதில்: எழுதுகிறவன் தனக்குத் தெரிந்த தவறுகளைத்தான் தவிர்ப்பான். தெரியாத தவறைக் கண்டுபிடிக்க, பென்சிலோடு எதிரே ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆளின் கேள்விகளை மறக்காமல் தினமும் கேட்கிற வேலையை மட்டுமே கணினியிடம் ஒப்படைக்கலாம்.

கோமதிக்கும் கௌசல்யாவுக்கும் பணம் போய்ச் சேர்ந்தது. கோமதிக்குக் கெடு முடிவதற்குள். கௌசல்யாவுக்குப் பதினோரு நாள் தாமதமாக. அவள் கல்லூரியில் தாமதக் கட்டணம் வசூலித்தார்கள். அதை நான் கட்டினேன். கேள்விக் கோப்பின் முதல் இரண்டு வரிகள் இன்றும் அவர்கள் இருவரின் பெயர்கள்தாம்.

பயிற்சி

1. உங்கள் பெயரிலோ, ஊர்ப் பெயரிலோ, வீட்டார் பெயரிலோ ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் எத்தனை உள்ளன? ஒவ்வொன்றையும் எத்தனை விதமாகக் கணினியில் பதிய முடியும் என்று எழுதிப் பார்க்கவும்.

2. 'பொருந்த வேண்டும்' என்பதற்கு மூன்றும், 'பொருந்தக் கூடாது' என்பதற்கு மூன்றுமாகப் பெயர் இணைகளைத் தயாரிக்கவும்.

3. உங்கள் அலுவலகத்திலோ குடியிருப்புச் சங்கத்திலோ உள்ள ஏதேனும் ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலையில் 'மொத்தம் எத்தனை பேர் இருக்க வேண்டும்' என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே எழுதி, ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.